தார்ப்பாய் வாங்கிய பெரியப்பா

பெரியப்பாவின் படத்திறப்பில் ஐந்தாறு பேர் பேசினார்கள். ஒன்றியத்திலிருந்து வந்தவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், விவசாய சங்கத்துக்காரர், அப்புறம் எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக் காரியம் என்றாலும் மைக் பிடிக்கிற ஒருவர். யாரையும் குறை சொல்ல முடியாது, மனதாரத்தான் பேசினார்கள். ஆனால் முதலில் பேசியவர் எடுத்துக்கொடுத்ததை அடுத்தடுத்து வந்தவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "தன் குடும்பத்தை மறந்து ஊருக்காக உழைத்தவர்." "வீடு என்று ஒன்று அவருக்குத் தனியாகக் கிடையாது." பந்தல் வாசலில் கட்டியிருந்த பிளக்ஸிலும் அதே வாசகம்தான். பிளக்ஸ் கடைக்காரரின் கணினியில் இந்த வரி எப்போதும் தயாராக இருக்கும் போல. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய அக்கா, அதாவது பெரியப்பாவின் மூத்த மகள், அந்த வரி மறுபடி வந்தபோது என் பக்கம் குனிந்து, "அப்ப நாங்கள்லாம் யாராம்?" என்றாள்.

சாவு வீட்டுப் பேச்சை எடுத்துவைத்துத் துருவக் கூடாதுதான். ஆனாலும் இந்த வரி என்னை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது, பல் தேய்க்கும்போது, வேறு யாருடைய அஞ்சலிச் சுவரொட்டியையாவது பார்க்கும்போது திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டைக் கவனிக்காமல் ஊரைக் கவனித்தால் அது தியாகம், வீட்டையும் பார்த்துக்கொண்டு ஊரையும் பார்த்தால் அது ஏதோ ஓய்வு நேர வேலை என்று ஒரு கணக்கு நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. வீட்டை உண்மையிலேயே மறந்தவர்களை எனக்குத் தெரியும். டெல்டாவில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்சி, சங்கம், கோயில் திருப்பணி என்று அலைந்து, பிள்ளைகளை மாமனார் வீட்டில் வளரவிட்டவர்கள். அவர்களில் சிலர் பெரிய காரியங்களும் செய்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியப்பா அந்த ரகம் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு இலை முன்னால் இருப்பார். யார் வந்து வாசலில் நின்றாலும், "சாப்ட்டு வந்தர்றேன், நீயும் ஒரு வாய் சாப்புடு" என்பாரே தவிர எழுந்துவர மாட்டார். அக்காக்கள் படித்த காலத்தில் ராத்திரி பஞ்சாயத்து என்று யார் கூப்பிட்டாலும் போனதில்லை. அது கணக்குப் பாட நேரம். சின்ன அக்காவுக்குக் கணக்கு கடைசி வரை வரவில்லை, அது வேறு கதை.

திண்ணையில் இருந்த அஞ்சலகம்

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாகும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, எங்கள் வாய்க்காலைத் தொடும்போது மேட்டூர் திறப்பு பழைய செய்தியாகியிருக்கும். அதுவும் ஒழுங்காகத் திறந்த வருஷங்களில். 2011க்குப் பிறகு 2020 வரைக்கும், மேட்டூர் திறக்கிற வழக்கமான நாளான ஜூன் 12 என்ற பேச்சே இல்லை. குறுவையை மறந்துவிட்டு, வானத்தைப் பார்த்துச் சம்பா விதைக்கிற ஊராகிவிட்டோம். 2016இல் வானமும் கைவிட்டது. அந்த வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைவு.

பெரியப்பா அந்த ஊரின் கிளை அஞ்சல் அதிகாரி. பெயர்தான் பெரிது. இலாகா அதை முழு வேலையாக ஒத்துக்கொள்ளாது. தினம் சில மணி நேரம், அதற்கு ஒரு படி. அறுபத்தைந்து வயது வரை பார்க்கலாம், முடித்துவிட்டு இறங்கினால் மற்ற அரசு ஊழியர்கள்போல ஓய்வூதியம் கிடையாது. வேறு பிழைப்பு வைத்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர், நிலம் இருந்தது. அலுவலகத்துக்கு இடமும் அவர்தான் தர வேண்டும். ஆக, எங்கள் வீட்டுத் திண்ணையின் மேற்கு மூலைதான் ஊர் அஞ்சலகம். ஒரு மேசை, தராசு, தேதி முத்திரை, அதை ஒற்றுகிற மை, தூணில் மாட்டிய சிவப்புப் பெட்டி. திண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அங்கே குழம்பு கொதிக்கிற சத்தம் இங்கே கேட்கும். இங்கே பேசுவது முழுக்க அங்கே பெரியம்மாவுக்குக் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலம் அது. பல ஊர்களில் அந்தப் பணத்தில் பத்தோ இருபதோ பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது எழுதப்படாத சட்டம். பெரியப்பா முழுசாகக் கொடுப்பார், எண்ணிப் பார்க்கச் சொல்லுவார், எண்ணத் தெரியாத கிழவிகளுக்கு அடுக்கிக் காட்டுவார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை, படத்திறப்பிலும் சொன்னார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பென்ஷன் வாங்கிய கிழவிகள் மறுநாள் முருங்கைக்கீரை கொண்டுவருவார்கள், பரங்கிப் பிஞ்சு கொண்டுவருவார்கள், முள்ளியாற்றில் பிடித்த கெண்டையை இலையில் சுருட்டிக் கொண்டுவருவார்கள். அதையெல்லாம் அவர் மறுத்ததே இல்லை. கையால் தொடாத நேர்மையாளர் என்று மேடையில் சொன்னபோது எனக்கு அந்தக் கெண்டைக் குழம்புதான் ஞாபகம் வந்தது. வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "இன்னிக்கு அஞ்சம்மா கீரை" என்று பெயர் சொல்லியே சாப்பிடுவார். பணத்தைத் தொடாதவர் கீரையை ஏன் வாங்கினார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கடிதம் எழுதுவதும் படித்துக்காட்டுவதும் திண்ணையின் இன்னொரு தொழில். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. பெரிய அக்கா ஏழாவது படிக்கும்போதே அந்த வேலைக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் ஊரில் இல்லை, இன்று வரை வாயைத் திறந்ததும் இல்லை. ஒரு தடவை ஒரு ஆத்தா, "எழுதிச் சொல்லு, பணம் இன்னும் வல்ல" என்று எடுத்த எடுப்பிலேயே தொடங்கியிருக்கிறது. அக்கா பள்ளிக்கூடத்தில் படித்தபடி "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதப் போனாளாம். பெரியப்பா பின்னாலிருந்து, "அவங்க சொன்னத எழுது. அவங்க மவனுக்கு அவங்க பேசறது தெரியும்" என்றாராம். அக்கா இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்: "அப்பா எங்கள மறக்கவெல்லாம் இல்ல. எங்களையும் சேத்து வேலைக்கு வச்சிக்கிட்டாரு. அதான் கஷ்டம்." சாயங்காலம் மற்ற பிள்ளைகள் நொண்டி விளையாடப் போகும்போது இவள் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் குறை அவளுக்கு இன்னும் இருக்கிறது. நியாயமான குறைதான்.

திண்ணையைப் பற்றி எழுதும்போது ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 1968இல் வெண்மணியில் 44 தலித்துகளைக் குடிசைக்குள் வைத்து எரித்த கீழத்தஞ்சை இது. காலனி ஆட்கள் குடியானத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி உட்காருவது எளிய சங்கதி இல்லை. பெரியப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, எதிர்த்தாள். பெரியப்பா அவளோடு சண்டை போடவில்லை. "பத்து மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இது சர்க்கார் இடம்மா, நம்ம திண்ணை இல்ல" என்று சொல்லிவிட்டார். சர்க்கார் என்றதும் அப்பாயியால் ஒன்றும் பேச முடியவில்லை. ஒரு மணி இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு, கொஞ்ச வருஷத்தில் நேரக் கணக்கே போய்விட்டது. இதைப் புரட்சி என்று சொல்ல மாட்டேன். இலாகாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்த காரியம். நேருக்கு நேர் நின்று பேசியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் ஏறிய கால்கள் அப்புறம் இறங்கவில்லை.

வாய்க்கால் வெட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வருவதற்கு முன்னால், வைகாசியில், காட்டாமணக்கையும் ஆகாயத்தாமரையையும் படிந்த எக்கல் வண்டலையும் எடுக்கத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஓர் ஆள் வர வேண்டும். அப்போது பொதுப்பணித் துறை பெரிய வாய்க்காலைப் பார்த்துக்கொண்டது, வயலுக்குப் பிரியும் கண்ணி வாய்க்கால் எங்கள் பாடு. புருஷன் செத்து, ஆண்பிள்ளை இல்லாத வீடுகளை விட்டுவிடலாம் என்று ஊரில் எல்லாரும் இரக்கத்தோடு சொன்னபோது பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் விட முடியாவிட்டால் டீ போட்டு வாய்க்கால் கரைக்கு அனுப்பட்டும் என்றார். கல்நெஞ்சுக்காரர் என்று அப்போது ஒரு பேச்சு வந்தது. "கழிச்சு வுட்டுட்டா அப்பறம் தண்ணி பத்தலன்னு வந்து கேக்க வாய் வராதுடா அவங்களுக்கு" என்பது அவர் வாதம்.

பட்டியல்

கஜா புயல் வந்தபோது அவர் அஞ்சலகத்தைவிட்டு இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிவப்புப் பெட்டி புதிதாக வந்தவரின் வீட்டுக்குப் போய்விட்டது. தூணில் அது இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளிறிய தடம் மட்டும். ஆனால் ஆட்கள் பெட்டியோடு போகவில்லை, திண்ணைக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

2018 நவம்பர் 15 ராத்திரி தொடங்கி விடியும் வரை அடித்த காற்றைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வடக்கிலிருந்து, நடுவில் சற்று ஓய்ந்து, முடிந்தது என்று வெளியே வந்து பார்த்தவர்களை உள்ளே விரட்டிக்கொண்டு மறுபடி தெற்கிலிருந்து. நானும் அப்பாவும் தஞ்சாவூரிலிருந்து பைக்கில் கிளம்பி, மரம் அறுக்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று, இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தோம். தென்னை ஒன்றுகூட நிற்காத ஊரை அடையாளம் கண்டுபிடிக்கவே சிரமமாக இருந்தது. வீடுகள் எல்லாம் கிட்டக்கிட்ட வந்துவிட்ட மாதிரி இருந்தது. பெரியப்பா வீட்டில் பின்பக்கத்து ஓடு பாதிக்கு மேல் போயிருந்தது. தொண்ணூறைத் தாண்டிய அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தாள். அவளை முன்கூடத்துக்கு மாற்றி, கட்டிலுக்கு மேல் பழைய உரச்சாக்குகளைத் தைத்துக் கட்டியிருந்தார்கள்.

தண்ணீர் போலவே நிவாரணமும் கடைமடைக்கு வந்துசேரவில்லை. மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று எங்கெங்கிருந்தோ முகம் தெரியாத பிள்ளைகள் லாரி பிடித்துக்கொண்டு வந்தார்கள். மெயின் ரோட்டு ஊர்களிலேயே மறித்து இறக்கிக்கொண்டார்கள். மறித்தவர்களைத் திட்ட மாட்டேன், அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை, அடுப்பு எரியவில்லை. உள்ளே இருக்கிற ஊருக்கு லாரியைக் கூட்டிவர வேண்டுமானால், உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். பெரியப்பா என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "பேனா வச்சிருக்கியா? வா."

நான்கு தெருவையும் நடந்தோம். காலனியின் கிழக்குக் கோடியிலிருந்து தொடங்கினார், அங்கேதான் குடிசை ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீட்டுக்காரர் பெயர், எத்தனை ஆள், கைக்குழந்தை உண்டா, தினம் மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா, கூரையா, ஓடா, தளமா, ரேஷன் கார்டு எண். பாதி வீட்டில் அவர் கேட்கவே இல்லை, அவரே சொன்னார், நான் எழுதினேன். அத்தனை வருஷம் கடிதம் கொடுத்த கதவுகள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ராத்திரி எங்க படுத்தீங்க?" தெற்குத் தெருவில் ஒரு பழைய பெரிய வீடு. ஒரு காலத்தில் வேலிக்கணக்கில் நிலம் இருந்தது, இப்போது வீடு மட்டும்தான். அந்த வீட்டின் பின்கட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, இல்லாதவங்களுக்குப் பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியப்பா இரண்டு வீடு தள்ளி வந்ததும், "அவங்க பேரையும் எழுதிக்க" என்றார். எங்கள் தெருவுக்கு வந்தோம். எங்கள் வீட்டு முறை வந்தபோது நான் தாண்டிப் போய் அடுத்த வாசலில் நின்றேன். அவர் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, "எங்க போற? எழுது. ஆளு மூணு. படுக்கைல ஒண்ணு. ஓடு" என்றார்.

லாரி வந்தது. மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள். நோட்டைக் காட்டியதும் அவர்களுக்கே ஒரு நிம்மதி. அரிசி, மெழுகுவர்த்தி, பாய், கொசுவத்தி எல்லாம் போதுமான அளவு இருந்தது, தார்ப்பாய்தான் வீடுகளில் பாதிக்குக்கூட வராது. பெரியப்பாவும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கைக்குழந்தை உள்ள கூரை வீடு முதலில். படுக்கையில் ஆள் இருக்கிற வீடு, கூரையானாலும் ஓடானாலும், இரண்டாவது. அப்புறம் மிச்சக் கூரை வீடுகள். அப்புறம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். இதில் சச்சரவு எதுவும் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் வைத்துப் பெயர் வாசித்தது நான்தான். இரண்டாவது வகையில் எங்கள் வீட்டுப் பெயர் வந்தது. வாசித்தேன். கூட்டத்தில் ஒரு அமைதி, அப்புறம் பின்னாலிருந்து ஒரு பையன், மாமன் மச்சான் முறைக்காரன்தான், கொஞ்சம் சத்தமாகவே கேட்டான்: "ஏன் மாமா, பட்டியல் போட்ட வீட்டுக்கும் உண்டா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் குரலை உயர்த்தாமல், "உண்டுடா. எங்க வீட்டு ஓடும் அதே காத்துலதான் போச்சு" என்றார். வரிசையில் போய் நின்று, மற்றவர்களைப் போலவே நோட்டில் கையெழுத்துப் போட்டு, தார்ப்பாய்ச் சுருளைத் தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அந்த நீலச் சுருளோடு நடந்து போய், வேலை பாதியில் நிற்கிறதே என்ற கவலையில்லாமல் அதை வீட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தத் தெற்குத் தெருக்காரர் வீட்டிலும் படுக்கையில் ஒரு கிழவி உண்டு, அதனால் அவர்கள் பெயரும் இரண்டாவது வகையில்தான் இருந்தது. ஏற்கெனவே வாசித்து, யாரும் வராமல், தள்ளி வைத்திருந்தோம். கடைசியில் மறுபடி வாசித்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் முறிந்த கிளைக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. யாரையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தார்ப்பாயைப் பெரியப்பாவைப் போலவே தோளில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பையன்கூட ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? போஸ்ட்மாஸ்டரே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்று ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாக்குவாதம். "நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சேண்ணே. நம்மளுத யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்ல? நாளைக்கே நான் தஞ்சாவூர்ல ஒண்ணு வாங்கியாந்திருப்பேன்" என்றார் அப்பா. பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ வாங்கியாந்துருவ. நான் வேணாம்னு சொன்னா எனக்குப் பின்னாடி நிக்கிறவன் எப்படிடா கைய நீட்டுவான்? வாங்கறது கேவலம்னு ஆயிடும்ல?" என்றார். அப்பா அப்போதும் சமாதானமாகவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பிடிவாதமாக ஒரு புதுத் தார்ப்பாய் வாங்கிவந்தார். பெரியப்பா அதையும் வாங்கிக்கொண்டார். நெல் மூட உதவியது.

அந்த நோட்டு அதோடு முடியவில்லை. மின்கம்பம் நடுகிற வரை யார் வீட்டில் எந்த ராத்திரி ஜெனரேட்டர், மேல்நிலைத் தொட்டிக்கு எத்தனை மணிக்கு மோட்டார் என்று அதிலேயே எழுதினார். விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்ததும் கணக்கெடுப்புக்கு வந்தவர்களோடு கொல்லை கொல்லையாக அலைந்தார். எங்கள் கொல்லையில் விழுந்த மரங்களையும் எண்ணி எழுதினார். இதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுப்படியிலிருந்து கேட்டது

இந்தக் கதையை இவ்வளவு நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், பெரியப்பாவின் கதையாக. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு நாள் பெரியம்மாவிடம் உட்கார்ந்து இதையே சொன்னேன். அவள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, "அவரு எங்க எழுதச் சொன்னாரு? நான்ல சொன்னேன்" என்றாள்.

பட்டியல் எடுக்கக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நடந்த பேச்சாம். நம் வீட்டை விட்டுவிடலாம் என்றுதான் பெரியப்பா நினைத்திருந்தார். எல்லாரும் நினைப்பதுதான், அதுதான் மரியாதை என்று நாம் எல்லாரும் கற்றுவைத்திருப்பது. பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் காரணம் அப்பாயி. "அத்தைய நனையவுட்டுட்டு நீங்க ஊருக்குத் தார்ப்பாய் குடுங்க, ரொம்ப நல்லாருக்கும்." இரண்டாவது காரணம்தான் பெரியப்பா எங்கள் அப்பாவிடம் தன் வாயால் சொன்னது. தெற்குத் தெரு வீட்டு அம்மா அன்று காலையில் கொல்லைப்பக்கமாக வந்து பெரியம்மாவிடம் ஒரு படி அரிசி வாங்கிப் போயிருக்கிறார். பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. "நாம வாங்கலன்னா அந்தம்மா எப்படி வாங்கும்? நீங்க போயி முன்னாடி நில்லுங்க" என்று சொன்னது இவள். அடுப்படியில் இருந்தவளுக்குத் தெரிந்த அந்த ஒரு படி அரிசி, திண்ணையில் இருந்தவருக்குத் தெரியாது. ஊரில் இன்னும் பலருக்குத் தெரியாது. அதனால்தான் தெருவையும் வீட்டையும் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன்.

கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பாவிடம் அத்தனை பெருமையாகச் சொன்னாரே மனிதர், "உங்க அண்ணி சொன்னா" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். பெரியம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. "சொன்னத செஞ்சாருல்ல" என்றாள். எனக்குத்தான் கொஞ்சம் இருக்கிறது. அந்தத் திண்ணையில் எழுதிய எத்தனை மனுக்களில் சுவருக்கு அந்தப் பக்கத்து யோசனை இருந்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விதவைப் பெண்கள் ஆண்கள் நடுவில் சொல்லக் கூசுகிற விஷயத்தைக் கொல்லைப்பக்கம் வந்து பெரியம்மாவிடம் சொல்வார்கள், ராத்திரி சாப்பாட்டில் அது அவர் காதுக்குப் போகும், மறுநாள் மனுவாகும். வாய்க்கால் வெட்டுக்கு டீ போடலாம் என்ற யோசனையும் இவளுடையதுதானா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று புளியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதனால்தான் அந்தப் பிளக்ஸ் வரி எனக்குச் செரிக்கவில்லை. குடும்பத்தை மறந்திருந்தால் அவருக்கு ஊரைப் பற்றிப் பாதிதான் தெரிந்திருக்கும். தன் வீட்டைக் கழித்துவிட்டுப் பட்டியல் போட்டிருந்தால் மேடையில் பேச இன்னும் வசதியான கதை கிடைத்திருக்கும். தெற்குத் தெரு வீட்டில் மழை ஒழுகியிருக்கும். அவரைப் புகழ்கிறவர்கள் அவரை ஊருக்கு வெளியே, கொஞ்சம் உயரமான ஓர் இடத்தில் நிறுத்தப் பார்க்கிறார்கள். அவரும் ஊரில் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தார், ஆள் விட்டார், கீரை வாங்கினார், தார்ப்பாய் வாங்கினார்.

இதையெல்லாம் படத்திறப்பிலேயே எழுந்து சொல்லியிருக்கலாமே என்று அக்கா கேட்டாள். பெரியம்மா தடுத்துவிட்டாள். வந்தவர்கள் மனசு நோகக் கூடாதாம்.

போன மாதம் வாரிசுச் சான்றிதழுக்காக அவளை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நான் இணையத்தில் பார்த்துவைத்த விவரங்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன், ம் கொட்டிக்கொண்டு வந்தாள். அங்கே கணினிக்கு முன்னால் இருந்த பையன் ஆதார் கேட்டான், குடும்ப அட்டை கேட்டான், இறப்புச் சான்று கேட்டான். மஞ்சள் பையிலிருந்து வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். இறப்புச் சான்றின் அசலை மட்டும் கையைவிட்டுக் கொடுக்காமல் காட்டிவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள். "மூத்தவளுக்கு ஆதார்ல புருஷன் இனிஷியல் இருக்கும், பள்ளிக்கூட சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல். ரெண்டும் ஒரே ஆளுன்னு எழுதி கையெழுத்து வாங்கியாந்திருக்கேன், அதையும் சேத்து ஏத்து. இல்லாட்டி விஏஓ திருப்பி அனுப்புவாரு." பையன் ஒரு நிமிஷம் அவளை நிமிர்ந்து பார்த்தான். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், தன் காகிதங்களையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். பெரியம்மா வாங்கிப் புரட்டினாள், ஒன்றை எடுத்து, "இது பழசு, இது செல்லாது, சாயங்காலமா வீட்டுக்கு வா" என்றாள். கிளம்பும்போது பையன் நூறு ரூபாய் கேட்டான்.

"அறுவது ரூவாதானே?" என்றாள். "நூறு வாங்குனா நூறுக்கு ரசீது குடு."

நாற்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான்.